சித்திரையில் பிறக்க வேண்டிய பிள்ளை

என் மகள் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முகம் மலரும். "அப்புறம் இன்னா, கவர்மெண்டு சம்பளம், உனக்கு இன்னா கொறை" என்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவள் நிரந்தரம் இல்லை, கௌரவ விரிவுரையாளர் என்று சொன்னால் அதற்கு விளக்கமும் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் அவள் தாவரவியல் நடத்தினாள். நிரந்தரமானவர்கள் நடத்தும் அதே பாடம்தான், அதே பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு வேறு, இவள் போடுவது வேறு. ஜூனில் கல்லூரி திறக்கும்போது ஓர் உத்தரவு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். ஏப்ரல் முடிந்தால் விடுவித்துவிடுவார்கள். மே மாதம் முழுக்க அவளுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் அட்மிஷன் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டால் போய் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். போகாமல் இருந்தால் ஜூன் உத்தரவில் தன் பெயர் இருக்குமோ இருக்காதோ என்று பயம்.

நிரந்தரமானவர்களுக்கு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பதவி உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பத்திரிகையில் வரவழைக்க வேண்டுமாம். அந்தக் கட்டுரைக்காகக் கல்வராயன் மலையில் அலைந்து செடி பறித்து வருவது என் மகள். பறித்த செடியைப் பேப்பரில் வைத்து அழுத்திக் காயவைப்பது எங்கள் வீட்டுக் கூடத்தில். "உன் பேரும் போடுவாங்களாடி?" என்று ஒருமுறை கேட்டேன். "கடைசில நன்றின்னு ஒரு வரி வரும்மா" என்று சிரித்தாள்.

அவளும் டாக்டர் பட்டம் வாங்கியவள்தான். வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போய், சாமை, தினை விதைக்கிற காடுகளில் என்னென்ன களை முளைக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்து எழுதி வாங்கிய பட்டம். அவள் அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். "எம் பொண்ணு களைய எண்ணி டாக்டர் ஆயிட்டா, நான் களையப் புடுங்கியே கெழவன் ஆயிட்டேன்" என்று டீக்கடையில் பெருமை அடித்துக்கொள்வார். அவள் நிரந்தரமாவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு மே மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் செய்தேன். கௌரவ விரிவுரையாளர்களுக்கெல்லாம் கல்யாணம் மே மாதத்தில்தான் நடக்கும். மாப்பிள்ளை சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார், நல்ல மனுஷர். சம்பந்தியம்மாதான் பேசுவார். "கௌரவமா வேல பாக்குறான்னு சொன்னாங்க, சம்பளத்தப் பாத்தாதான் தெரியுது, கௌரவம் மட்டும்தான் குடுக்குறாங்கன்னு" என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். என் மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கல்யாணமாகி முதல் ஆடி வந்தது. எங்கள் பக்கத்தில் தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவோம். ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது தாய்க்கும் ஆகாது, குடும்பத்துக்கும் ஆகாது என்று பெரியவர்கள் வைத்த வழக்கம். தட்டில் புடவை, மஞ்சள், பழம் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன். மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, இந்த ஆடிக்கு என்னைக் கூட்டிக்கினு போக வராத."

"ஏன்டி, சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல." அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாள். "எங்களுக்குப் பிரசவத்துக்கு லீவு கெடையாதும்மா. நடுவுல நின்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க. சர்வீசும் கட்டாயிடும். அதனால எங்க காலேஜ் அக்காங்க எல்லாம் ஆடிலதான் பாத்துக்கினாங்களாம். அப்பத்தான் மே மாசத்துல பொறக்குமாம். ஜூன்ல வந்து ஜாயின் பண்ணிடலாமாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளே சிரித்துக்கொண்டு, "எங்க ஸ்டாஃப் ரூம் புள்ளைங்களுக்கு மொத்தமா ஒரு கேக்கு வாங்குனா போதும்மா, எல்லாம் ஒரே மாசத்துல பொறந்ததுங்க" என்றாள்.

ஊரெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த மாதம்தான் இவர்களுக்கு வேண்டியிருந்தது. இதைப் போய் நான் சம்பந்தியம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? பெண்ணை அழைத்துவரப் போகாமல் இருந்தால் தாயார் வீட்டுக்கு வழக்கம் தெரியவில்லை என்பார்கள். போய் விஷயத்தைச் சொல்லலாம் என்றால், சொல்லக்கூடிய விஷயமா அது. போனேன். தட்டை வைத்தேன். அவர் குங்குமம் கொடுத்து, "கூட்டிக்கினு போங்க சம்பந்தி, ஆடி முடிஞ்சி நாங்களே வந்து அழைச்சிக்கிறோம்" என்றார். மகள் பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மாதம் முழுவதும் என் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வந்தாள். காலையில் நாள்காட்டியில் தாளைக் கிழிப்பது அவள்தான்.

அடுத்த ஆடிக்கு அவர்கள் சேர்ந்துதான் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் நடக்கவில்லை. விதை போட்டதும் முளைக்க அது வயலா? மற்ற மாதங்களில் ஜாக்கிரதையாக இருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. "நெலமும் நல்ல நெலம், வெதையும் நல்ல வெத, இன்னாத்துக்குத்தான் இப்பிடி ஆவுதோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மகளுக்குக் காது கேட்கும்படி சொல்வார். மாப்பிள்ளை எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

வருஷம் ஓடியது. கூட இருந்த அக்காக்களில் சிலர் தேர்வாகி நிரந்தரமாகிப் போனார்கள். சிலர் சலித்துப்போய் டியூஷன் எடுக்கப் போனார்கள். இதற்கிடையில் கௌரவ விரிவுரையாளர்களை நிரந்தரமாக எடுக்கப்போகிறார்கள், விடாமல் வேலை பார்த்த வருஷத்துக்கெல்லாம் மார்க் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. விடாமல் என்ற வார்த்தையை என் மகள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கு இல்லை. காய்ச்சல் வந்தாலும் போனாள். மாமனார் செத்த அன்று பகலில் பிணம் எடுத்து முடித்து, மறுநாள் காலை கல்லூரியில் இருந்தாள்.

அப்புறம் ஓர் ஐப்பசி மழையில் என் வீட்டுக்கு வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "நின்னுடுச்சும்மா" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. மழை நின்றுவிட்டது என்கிறாள் போல என்று வெளியே பார்த்தேன். அவள் சிரித்தபோதுதான் புரிந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியிலேயே அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தது முதுகில் தெரிந்தது.

"ஜூலைலம்மா" என்றாள்.

மே தாண்டி, ஜூன் தாண்டி, காலேஜ் நடக்கிற ஜூலையில். எங்கேயோ ஜாக்கிரதை தவறியிருந்தது.

"வேலை போனா போவட்டும்டி."

"போவட்டும்னா, இத்தினி வருசமும் போயிடும்மா. மறுபடி மொதல்லேர்ந்து."

அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தாவரவியல்காரர்களுக்கு லேபில் போடுகிற வெள்ளைக் கோட்டு உண்டு. அதைக் கொஞ்சம் பெரிதாக வாங்கி, வகுப்புக்கும் போட்டுக்கொண்டு போனாள். ஏப்ரல் வரைக்கும் கோட்டுக்குள் மறைத்துவிடலாம். மே மாதம் வீட்டில் இருக்கலாம். ஜூனில் திறக்கிற அன்று போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால் பேர் ஏறிவிடும். ஜூலையில் பிரசவமானதும் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லிச் சில வாரம் ஓட்டிவிடலாம். ஆபரேஷன் எனக்கு. நானும் சரி என்றேன்.

துறைத் தலைவி அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இரண்டு பிள்ளைக்கும் முழுச் சம்பளத்தோடு லீவு எடுத்தவர் அவர். ஒருநாள் லேபில் யாரும் இல்லாதபோது என் மகளின் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். "எனக்குத் தெரிஞ்சா நான் மேல எழுதணும்மா. அதனால எனக்கு ஒண்ணும் தெரியாது. மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்புடு." கெட்டவர் இல்லை. அவருக்கும் அவ்வளவுதான் முடியும்.

மாசியில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய்ச் செடி காட்ட வேண்டியிருந்தது. வருஷா வருஷம் செய்வது. நிரந்தரமானவர்களுக்கு அன்றைக்கு மீட்டிங் வந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்ல முடியாமல் இவள் கிளம்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மலையைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் வண்டியில் ஏறினேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "ஆயா, நீயும் பாட்டனி ஸ்டூடன்டா? ரெக்கார்டு நோட்டு எங்க?" என்று ஒரு பெண் கிண்டல் செய்தாள். வளைவு ஏற ஏற மகள் முகம் வெளுத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தாள். "மேடத்துக்கே பஸ் ஒத்துக்கலடா" என்று பின்னால் சிரிப்பு. நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே வெள்ளிமலையில் அந்தக் குளிரில், அறுத்த சாமைக் காட்டில் அவள் குனிந்து குனிந்து ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயர் சொன்னாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. உள்ளே வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரியும். பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலில் துள்ளியது என்று திரும்பும்போது காதில் சொன்னாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் அந்த மலைப் பயணத்தால்தான் என்று சம்பந்தியம்மா பின்னால் சொன்னார். டாக்டர் அம்மா அப்படிச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் என்றார். எனக்குத் தெரியாது.

மே மாதம் என் வீட்டில் இருந்தாள். அட்மிஷனுக்குக் கூப்பிட்டார்கள், காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். கால் வீங்கியது. கல்லூரி திறக்கிற வாரத்துக்கு முந்தின வாரக் கடைசியில், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாப்பிள்ளை காரோடு வந்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானத்துக்குள் பிறந்துவிட்டது. மாதம் நிறையாத, எடையும் ஏறாத பெண் குழந்தை. என்னால் பிழைக்க வைக்க முடியாது, பெரிய ஊருக்குக் கொண்டுபோகும் வரைக்கும் தாங்காது என்று டாக்டர் அம்மா நேராகச் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

மாப்பிள்ளை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "பாக்குறியா? ஒரு வாட்டி பாத்துடு" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேணாம். பாத்தா என்னால திங்கக்கெழம போவ முடியாது."

அவள் அப்பா கரும்பு போட்ட நிலத்துக்கு ஓரமாக வாய்க்கால் பக்கத்தில் புதைத்தோம்.

திங்கட்கிழமை அவள் போனாள். எவ்வளவோ சொன்னேன். சம்பந்தியம்மா கூட, "ஒடம்பு பச்ச ஒடம்பு, போவாதடி, அந்த வேல இல்லாட்டி இன்னா, என் புள்ள சோறு போட மாட்டானா?" என்று அழுதார். அவள் புடவையைக் கட்டிக்கொண்டே, "அதையும் குடுத்துட்டேன் அத்தே. இதையும் குடுத்துட்டா எனக்கு இன்னா கீது?" என்றாள்.

மாப்பிள்ளை காரில் கொண்டுபோய்விட்டார். கையெழுத்துப் போட்டாள். வகுப்பும் எடுத்தாள். துறைத் தலைவி அம்மாவைத் தவிரக் கல்லூரியில் யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்டவர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம்.

ஆனால் உடம்புக்குத் தெரியாதே. பால் சுரந்தது. பால் கட்டி நெஞ்சு கல்லாகிப்போய் ராத்திரியெல்லாம் முனகினாள். எங்கள் பக்கத்தில் பாலை அடக்க மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். காலையில் பூக்காரியிடம் உதிரிப் பூ வாங்கி, அவள் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே ஜாக்கெட், அதற்கு மேலே கோட்டு மாட்டி அனுப்பினேன். அப்படியும் நனைந்தது. மாற்று ஜாக்கெட்டும் புதுப் பூவும் பையில் வைத்துக்கொண்டு நான் கல்லூரிக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை நிழலில் உட்கார்ந்திருப்பேன். கேட்டுக்குள் போக எனக்குக் கூச்சம். இடைவேளையில் அவள் வருவாள். ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல பாய். ஒன்றும் கேட்காமல் உள்ளே இருக்கும் அறையைக் காட்டி, "போய்க்கோங்கம்மா" என்பார்.

ஒருநாள் அவளோடு பேசிக்கொண்டே மூன்று நாலு மாணவிகள் கேட்டு வரைக்கும் வந்தார்கள். "மேடம், இப்பல்லாம் உங்க மேல ஒரே மல்லிப்பூ வாசனை. தலையில பூவையே காணோம். சார் வாங்கித் தர்றத எங்க ஒளிச்சி வெச்சிக்கினு கீறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாம் கலகலவென்று சிரித்தன. என் மகளும் சிரித்தாள். "கிளாஸ்ல கவனிக்கச் சொன்னா இதத்தான் கவனிக்கிறீங்களா?" என்றாள். ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியபிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்னால் நின்று கட்டை அவிழ்த்தேன். வாடிய பூ பழுப்பாகிக் கசங்கிக் கையோடு வந்தது.

அந்தக் குழந்தையைப் பற்றி அவள் பேசவேயில்லை. நாங்களும் பேச்சை எடுக்கவில்லை. அதற்கப்புறம் உண்டாகவும் இல்லை. அவள் பாடம் நடத்தினாள், தாள் திருத்தினாள், மே மாதத்தில் அட்மிஷன் எழுதப் போனாள். வெயிலில் காயப்போட்ட அந்தக் கோட்டை மட்டும் அவளாக எடுத்து மடிக்கமாட்டாள். நான்தான் மடித்துவைப்பேன்.

கடைசியில் ஒருநாள் அந்தத் தேர்வு வந்தேவிட்டது. சென்னைக்குப் போய்ச் சான்றிதழ்களைக் காட்டினாள். இத்தனை வருஷமும் ஒருநாள் விடாமல் பணி செய்திருக்கிறார் என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அனுபவத்துக்கு முழு மார்க்கும் போட்டுவிட்டார்கள். போன் பண்ணிச் சொன்னாள். "முழுசா குடுத்துட்டாங்கம்மா, ஒண்ணு கூட கொறைக்கல" என்றபோது அவள் குரலில் எத்தனையோ வருஷமாக நான் கேட்காத ஒரு தெம்பு இருந்தது. அடுத்து நேர்முகத் தேர்வு. நாலைந்து பேர் உட்கார்ந்து, கட்டுரை எத்தனை வந்திருக்கிறது, உங்கள் பெயர் முதலில் இருப்பது எத்தனை என்று கேட்டார்களாம். சில நிமிஷத்தில் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

முடிவு வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை கடையை மூடிவிட்டு மத்தியானமே என் வீட்டுக்கு வந்தார். மகள் அடுப்படியில் என்னோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கொஞ்சத்துல போயிடுச்சி" என்றார். "அனுபவத்துல உன்ன விட கம்மியா இருக்குறவங்களுக்கெல்லாம் கெடச்சிருக்குது. இன்டர்வியூலதான் எறக்கிட்டாங்க. கேசு போடலாம்னு சொல்றாங்க."

"சரி" என்றாள். "சாப்புட்டுப் போங்க."

அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. அவள் மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். தண்டைத் தனியாகவும் இலையைத் தனியாகவும் ஒதுக்கினாள். நான் "அடுத்த வாட்டி வரும்டி" என்றேன். அவள் அதைக் கேட்கவில்லை.

முறத்தைப் பார்த்துக்கொண்டே, "அது எப்பிடிம்மா இருந்துச்சி?" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை.

"செவப்பாதான் இருந்துச்சி. தோலு காயிதம் மாதிரி. தல நெறைய முடி."

"காது?"

"உங்கப்பா காது. மேல கொஞ்சம் மடிஞ்சி."

"அழுதாளா?"

"அழுதா. சன்னமா. பூனக்குட்டியாட்டம்."

அவள் கீரைத்தண்டு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள். "யாராவது தூக்கிக்கினு இருந்தீங்களா? இல்ல, எங்கயாவது படுக்க வெச்சிட்டீங்களா?"

"நான்தான் தூக்கிக்கினு இருந்தேன். கீழ வெக்கவே இல்ல. கண்ணாடிப் பொட்டியில வெக்கலாம்னாங்க, அப்புறம் அவங்களே வேணாம்னுட்டாங்க. என் வெரல ஒண்ண புடிச்சிக்கினா. கெட்டியா புடிச்சா."

"நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன்."

"ஆமா கண்ணு. ஒரு செவுருதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். வேலை கிடைக்காததற்கு இல்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. உடம்பு முழுக்கக் குலுங்கி, சத்தம் வெளியே வராமல் வந்து, பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. வேலை கிடைக்கவில்லையாம் என்று அவர்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மாப்பிள்ளை பின்கட்டிலிருந்து வந்து, ஈரக் கையோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

அழுது ஓய்ந்தபிறகு என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். அவள் முடியில் அங்கங்கே நரை வந்திருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லு. எப்ப பொறந்தா, யாரு மொதல்ல பாத்தது, எல்லாம்."

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தார்.